கத்தி தீட்டும் கல்லுக்கு எண்ணெயா, தண்ணீரா?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதுதான் நம்மில் பலருக்குக் கத்தியின் நினைவே வருகிறது. ஆனால் இறைச்சியும் மீனும் காய்கறியும் அன்றாடம் அரியப்படும் இல்லத்தில் மழுங்கிய கத்தி தொல்லை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். அழுத்தி அறுக்க நேர்வதால் அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கிறது. அறுக்கப்படும் பிராணிக்கோ அது பெரும் வேதனை. அறுப்பவர் கத்தியைக் கூராக்கிக்கொண்டு, பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டுமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இன்று கடைகளில் கிடைக்கும் சாணைக்கற்களில் பெரும்பாலானவை இயற்கைக் கற்கள் அல்ல. சிலிக்கன் கார்பைடு அல்லது அலுமினியம் ஆக்ஸைடு என்னும் கடினமான துகள்களைப் பிணைத்துச் செய்யப்படுபவை. இவற்றுள் முன்னதை 1890களின் தொடக்கத்தில் உருவாக்கிய அமெரிக்கர் எட்வர்டு அச்செசன், அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். அப்பெயரைச் சொல்லியே கல் வாங்குவோரும் உண்டு.

திரவம் எதற்கு?

கத்தி சூடேறாமல் இருப்பதற்காகவே எண்ணெயோ தண்ணீரோ விடுகிறோம் எனப் பலர் கருதுகின்றனர். கையால் தீட்டும்போது எழும் சூடு மிகச் சொற்பமே. தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் கல்லின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்ளாமல் மிதக்கச் செய்வதே திரவத்தின் முதன்மையான பணி. துளைகள் அடைபட்ட கல் வழவழப்பாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறாது.

எது ஏற்றது?

சாதாரணக் கார்போரண்டம் கல்லுக்கு இரண்டுமே பொருந்தும். ஆனால் ஒன்றை முதலிலேயே தேர்ந்து, அதிலேயே நிலைத்திருக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கல்லில் பின்னர் தண்ணீர் இறங்காது. சமையற்கட்டுக் கத்திக்குத் தண்ணீரே போதும். செலவில்லை, கழுவுவதும் எளிது. தீட்டியபின் கத்தியை ஈரம் போகத் துடைத்து வைக்காவிடில் துருப்பிடிக்கும்.

தயாரிக்கும்போதே எண்ணெய் ஊட்டப்பட்டு வரும் கற்களுக்கு எண்ணெயையே பயன்படுத்துங்கள். ஜப்பானிய முறையில் செய்யப்படும் மென்மையான நீர்க்கற்களில் எண்ணெய் படவே கூடாது.

எண்ணெய் விடுவோர் பலர் செய்யும் தவறு, சமையல் எண்ணெயை ஊற்றுவதாகும். அது நாளடைவில் பிசினாகிக் கல்லை அடைத்துவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயே தக்கது. அவ்வாறு தீட்டிய கத்தியைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவில் வைக்க வேண்டும்.

தங்கள் வீட்டுப் பழைய கல் எத்தகையது என ஐயமா? உலர்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் தண்ணீரே போதும். முத்துப்போல் திரண்டு நின்றால் பெரும்பாலும் எண்ணெய் ஊறிய கல்லாக இருக்கும்.

தீட்டும் முறை

கல் நகராதிருக்க அதனடியில் ஈரத்துணி விரியுங்கள். கத்தியை ஏறத்தாழ 20 பாகை சாய்த்து, முதலில் கரடான பக்கத்திலும் பின்னர் நயமான பக்கத்திலும் தீட்டுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் கல் குழிந்துவிடும். ஒருபுறம் தீட்டத் தீட்ட மறுபுறம் மெல்லிய பிசிறு எழும்; அதுவே புறத்தை மாற்ற வேண்டியதற்கு அடையாளம். முடிவில் நயமான பக்கத்தில் இலேசாக மாறி மாறித் தேய்த்துப் பிசிறை நீக்கிவிடுங்கள்.

குர்பானிக் கத்தியை முந்திய இரவே தீட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். இரவில் செய்யும் அச்சிறு வேலை, காலையில் ஒரு வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கருணையாகும்.