கேம்பர் வேனில் முழு அகலப் படுக்கை: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

பகலில் மூன்று பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்து வரும் சீட். ராத்திரி சாய்மானத்தை இழுத்துச் சாய்த்தால் இருவர் படுக்கும் கட்டில். பிரிட்டனில் பழைய டெலிவரி வேனை வாங்கி, அதைச் சக்கரம் வைத்த வீடாக மாற்றுபவர்கள் பலரின் கனவு இந்த முழு அகலப் படுக்கைதான். அவர்கள் அதிகம் தடுமாறுவதும் இதில்தான்.

‘மெத்தைதானே, கடைசியில பார்த்துக்கலாம்’ என்று இதைத் தள்ளிப்போட முடியாது. படுக்கையின் அகலம் முடிவான பிறகுதான் அடுப்பு எங்கே, அலமாரி எங்கே என்பது முடிவாகும். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ஓடும் வேனில் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உயிர், அதைத் தரையோடு பிணைக்கும் சில போல்டுகளை நம்பி இருக்கிறது.

முழு அகலம் என்றால் எவ்வளவு?

ஃபோக்ஸ்வேகன் தன் புகழ்பெற்ற வேனை 1950-ல் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதைத் தங்கும் வண்டியாக மாற்றத் தொடங்கிவிட்டது. அதே வரிசையில் வந்த டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி6 வேன்கள்தான் இன்று பிரிட்டனில் அதிகம் மாற்றப்படுபவற்றில் சில.

இந்த வேன்களின் உள்ளே சுவருக்குச் சுவர் அதிகபட்ச அகலம் 1,700 மி.மீ. ஆனால் பின்சக்கரங்களுக்கு மேலே உள்ளே புடைத்து நிற்கும் வளைவுகளுக்கு நடுவே இருப்பது 1,244 மி.மீ.தான். ஆக, மெத்தை எவ்வளவு அகலமாக இருந்தாலும், கட்டிலின் இரும்புச் சட்டம் அந்தக் குறுகிய இடத்துக்குள் அடங்க வேண்டும், அல்லது வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் மடக்குப் படுக்கைகள் பொதுவாக இரண்டு வகை. ‘முக்கால் அகலம்’ என்றால் 110 முதல் 115 செ.மீ. வரை. ‘முழு அகலம்’ என்றால் 130 செ.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். நம்மூர் 4 அடி கட்டில் 122 செ.மீ. அகலம். முதல் வகை அதைவிடச் சின்னது, இரண்டாவது அதைவிடப் பெரியது. பிரிட்டன் வீடுகளில் இருக்கும் சாதாரண டபுள் மெத்தை 135 செ.மீ.

அந்த 20 செ.மீ.க்கு என்ன விலை?

முக்கால் அகலப் படுக்கை போட்டால், ஓட்டுநர் பக்கச் சுவரை ஒட்டி முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு சமையல் மேடை வைக்கலாம். அடுப்பு, சிங்க், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

முழு அகலம் போட்டால் அந்த மேடை போச்சு. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி, அல்லது பின்கதவைத் திறந்து வெளியே நின்று சமைக்கும் ஏற்பாடு, இவ்வளவுதான் மிச்சம். மழை பெய்தால் பின்கதவுச் சமையல் எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? தோள் இடிக்காத தூக்கம். பல மாடல்களில் மூன்றாவது ஆளுக்கும் பெல்ட். இரண்டு குழந்தை இருக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வசதி. இருவர் மட்டும் போகும் வார இறுதிப் பயணத்துக்கு முக்கால் போதும். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு முழு அகலம் அர்த்தமுள்ள செலவு.

குறுக்கே படுக்க முடியாதா?

பெரிய வேனில் முடியும். ஃபியட் டுகாட்டோவின் உள் அகலம் 1,870 மி.மீ. அதனால்தான் ஐரோப்பாவில் பலர் அதன் பின்பகுதியில் குறுக்குவாட்டில் நிரந்தரக் கட்டில் போடுகிறார்கள்.

ஆனால் 1,870 என்பது வெறும் தகட்டுக்கு நடுவே உள்ள அளவு. ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. வெப்பத் தடுப்பும் 6 மி.மீ. ப்ளைவுட்டும் வைத்தால் மொத்தம் 62 மி.மீ. போய்விடும். மிச்சம் 1,808 மி.மீ. 5 அடி 10 அங்குலம் உயரமுள்ளவர் 178 செ.மீ. தலைக்கும் காலுக்கும் சேர்த்து 3 செ.மீ. இடம்கூட இல்லை. அதிலும் சுவர் மேலே போகப் போக உள்பக்கமாக வளையும். எனவே கட்டிலின் உயரத்தை, சுவர் அதிகம் விரிந்திருக்கும் மட்டத்தில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். உயரமானவர்கள் பக்கத் தகட்டை வெட்டி, வெளிப்புறம் புடைத்த ஃபைபர் மூடியைப் பொருத்திக் கூடுதல் நீளம் எடுப்பதும் உண்டு. வெட்டிய தகடு திரும்ப வராது என்பதை நினைவில் வைக்கவும்.

சீட்டா, கட்டிலா?

இங்கேதான் உயிர் விஷயம் வருகிறது. நிறுத்திய வேனில் படுக்க மட்டும் என்றால் மரக் கட்டிலே போதும். ஓடும்போது அதில் ஆள் உட்காரப் போகிறார் என்றால் கதையே வேறு.

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதி எண் 14, சீட் பெல்ட் பிணைப்புகள் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. கார் வகை வாகனத்தில் மூன்று முனை பெல்ட் என்றால் தோள்பட்டைக்கு சுமார் 13,500 நியூட்டன், இடுப்புப்பட்டைக்கும் அதே அளவு. பெல்ட் சீட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையும் சேரும். 60 கிலோ படுக்கை என்றால் அது மட்டுமே 1,200 கிலோ எடைக்குச் சமம். மரத் திருகாணியும் ப்ளைவுட்டும் இதைத் தாங்காது.

இந்தச் சோதனையில் தேறிய படுக்கைகள் ‘எம்1 டெஸ்டட்’ என்று விற்கப்படுகின்றன. அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் பணம் கட்டிவிட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாடல் வேனில் சோதித்தார்கள்? எந்த முறையில் தரையோடு பிணைத்துச் சோதித்தார்கள்? எத்தனை பெல்ட்டுக்குச் சோதித்தார்கள்? சோதனையில் தேறியது படுக்கை மட்டுமல்ல. படுக்கை, போல்ட், தரை மூன்றும் சேர்ந்துதான். இரண்டு பேருக்குச் சோதித்த சீட்டில் மூன்றாவது பெல்ட்டை நாமே மாட்டினால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி, படுக்கையின் அளவுக்கு ஒரு மாதிரி செய்து வேனுக்குள் வைத்துப் பாருங்கள். சீட்டாகவும், விரித்த கட்டிலாகவும், இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். பக்கக் கதவு திறக்கிறதா, பின்கதவு மூடுகிறதா, முன்சீட்டைத் திருப்ப இடம் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். சுவர்ப் பலகை அடித்த பிறகு மிஞ்சும் அகலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

துளை போடும் முன் வேனுக்கு அடியில் பார்க்க வேண்டும். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், மின் வயர், சைலன்சர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு டிரில் போடுவது ஆபத்து.

போல்ட் தரையைத் துளைத்து அடிவரை போக வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு, சொன்ன வலிமைத் தரம்தான் போட வேண்டும். அடியில் சாதாரண வாஷர் போதாது. விசையைப் பரப்பும் கனமான இரும்புத் தகடோ சட்டமோ வேண்டும். மெல்லிய தகட்டுத் தரையில் சின்ன வாஷர், விபத்தின்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். துளையின் விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். மற்ற வேலைகளை நீங்களே செய்தாலும், இதை மட்டும் அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது. செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும்.

மெத்தைக்கும் காற்று வேண்டும்

குளிர் இரவில் இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம் வேனுக்குள்ளேயே சுற்றும். உடல் சூடு பட்ட மெத்தையின் அடிப்பக்கம் குளிர்ந்த பலகையில் படும்போது அங்கே நீர் கோக்கும். சில வாரங்களில் பூஞ்சை. தீர்வு சிம்பிள்: முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரச் சட்டங்கள், அல்லது காற்று போகும் வலை விரிப்பு. இரவில் கூரைத் துவாரம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

ஆவணத்தில் என்ன மாறும்?

பிரிட்டனில் வேனை ‘மோட்டார் கேரவன்’ என்று மாற்றிப் பதிய, படுக்கை குறைந்தது 1,800 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். சீட்டை விரித்துப் போடும் கட்டிலாகவும் இருக்கலாம், ஆனால் வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தாலும் தங்கும் வண்டி மாதிரித் தெரிய வேண்டும் என்கிறது அந்நாட்டு வாகனப் பதிவு அமைப்பு.

இந்தியாவில் இதைச் செய்யலாமா என்றால், இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தரமும் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் டிரில்லை எடுக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், வேனில் எத்தனை பேர் படுக்கப் போகிறார்கள் என்பதைவிட, ஓடும்போது எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்தப் படுக்கை என்பது அதற்குப் பிறகுதான்.