உங்களுக்குத் தெரியுமா? கத்திரிக்கோல் கண்டெடுத்த காதல்

முறிந்த காதலைத் திரும்பிப் பார்க்கும் நகைச்சுவைப் படங்களில் பலரும் முன்மாதிரியாகச் சொல்லும் ‘ஆனி ஹால்’ (1977), காதல் கதையாகத் தொடங்கவே இல்லை. நாற்பதைத் தொட்ட ஒரு நகைச்சுவைக் கலைஞனின் மனக்குழப்பங்கள்தான் அதன் மையம். அவனுடைய காதலி ஆனி அதில் ஒரு பகுதி மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட முதல் வடிவத்தை, படத்தொகுப்பாளர் ரால்ஃப் ரோசன்ப்ளமும் இயக்குநர் வுடி ஆலனும் 93 நிமிடமாக வெட்டியபோதுதான் அவள் நடுவுக்கு வந்தாள். முன்னும் பின்னும் தாவும் காலம் திரைக்கதையிலேயே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அந்தத் தாவல்கள் குழந்தைப் பருவம், முன்னாள் மனைவிகள், பகற்கனவுகள் என்று எங்கெங்கோ அலைந்தன. அவற்றை ஒருத்தியின் நினைவைச் சுற்றிக் கோத்தது படத்தொகுப்பு மேசைதான். 1978-இல் சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. படத்தொகுப்புக்கோ, பரிந்துரைகூட இல்லை!