வேலியோரத்து இலைக்கறி

படுவான்கரையில் வயலும் வளவுமாய் இருந்த காலத்தில் இலைக்கறிக்கென்று நாம் காசு எடுத்து வைத்ததில்லை. வேலியிலே முசுட்டையும் குறிஞ்சாவும் படர்ந்திருந்தன. ஈர வரப்புகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடந்தன. 1990 இலும் 2007 இலும் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தபோது வயலோடு இவற்றையும் விட்டுவந்தோம். நிவாரணத்தில் அரிசியும் பருப்பும் கிடைத்தன, கீரை கிடைக்கவில்லை. பிள்ளைகள் அதன் சுவையை அறியாமலே வளர்ந்தார்கள். பின்னர் ஊர் திரும்பியவர்களிலும், நாவற்குடாப் பக்கம் சிறு வளவுகளில் தங்கிவிட்டவர்களிலும், இலைக்கறியை இல்லாதவர் சாப்பாடு என்று எண்ணிக் கடையில் கோவா வாங்குவோர் உள்ளனர்.

அந்த எண்ணம் தவறானது. 100 கிராம் முருங்கையிலையில் 6 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. அதே அளவு கோவாவில் 2 கிராம்கூட இல்லை. கல்சியமோ கோவாவில் உள்ளதைப் போல் நான்கு மடங்குக்கு மேல். கண்பார்வைக்குத் தேவையான உயிர்ச்சத்து ஏ-யைத் தரும் கரோட்டின் கடும்பச்சை இலைகளில் நிறைந்துள்ளது. கோவாவில் மிகக் குறைவு. இரத்தம் ஊற உதவும் இரும்புச்சத்தும் இந்த இலைகளில் உண்டு.

சத்து வீணாகாமல் சமைப்பது எமது கையில்தான் இருக்கிறது. இலையை நன்றாகக் கழுவிய பின்பே அரிய வேண்டும். அவித்த நீரை ஊற்றிவிடக் கூடாது. தேங்காய்ப்பூவோ பாலோ சேர்த்துச் சுண்டினால் அதிலுள்ள கொழுப்பு கரோட்டினை உடலிற் சேர்க்கும். இறக்கிய பின் தேசிப்புளி விட்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுப்பது நல்லது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சோற்றுடன் மசித்துக் கொடுக்கலாம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசைகளை மட்டும் நிறுத்தக் கூடாது. கீரை அவற்றுக்கு மாற்று அல்ல, துணை.

ஓர் எச்சரிக்கை: களைநாசினி அடித்த வரப்பிலும் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் இலை பறிக்க வேண்டாம்.

காணி சிறிதென்று சோர வேண்டியதில்லை. மணிக்கட்டுப் பருமனில் ஒரு முருங்கைத் தடி போதும். மாரியில் வெள்ளம் நிற்காத மேட்டு மணலில் நட்டால் தளிர்க்கும். கிணற்றடி ஈரத்தில் பொன்னாங்காணித் தண்டுகள் நாலைந்து ஊன்றலாம். முசுட்டைக்கு வேலியே போதும்.

எந்த இலை எதுவென்று எமது அம்மம்மாமாருக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை வேலியோரம் அழைத்துச் சென்று காட்டச் சொல்லுவோம். இறைவன் தந்த இந்த அறிவு எத்தனை இடப்பெயர்விலும் எம்மோடு வரக்கூடியது. அதை இழந்துவிடாதிருப்போம்.