அதே பெட்டியா, அதைப்போல ஒரு பெட்டியா?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், படிப்பதற்கு ஒன்று நிச்சயம் உண்டு. கதவில் எழுதியிருக்கும் எண். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் தனியாக இன்னோர் இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறி. பாரிஸில் இருக்கும் பிஐசி என்ற அமைப்பு அதைப் பதிந்து கொடுக்கிறது. கட்டத்துக்குள் இருப்பது மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சோதனை இலக்கம். யாராவது எண்ணைத் தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டி ஒன்றுதான். அது ஏறும் பட்டியல்கள்தான் பல. நாளைக் காலை யார்டில் நகர்த்த வேண்டிய பெட்டிகளை எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறால் ஏற்றிய ரீஃபர் (குளிரூட்டிய பெட்டி) 12, சுங்கப் பரிசோதனைக்கு நிற்பவை 9, இரண்டிலும் வருபவை 4. அப்படியானால் மொத்தம் 17. யார்டில் நடந்து விரல்விட்டு எண்ணுகிறவருக்கு இதில் தப்பே வராது. காகிதத்தை வைத்து எண்ணுகிறவர் 21 என்பார். எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

1999 நவம்பரில் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு வெளியிட்ட மொழி அது. எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும். கோப்பை அது ஒரு மரமாகப் பார்க்கிறது: கப்பல் என்ற கிளையில் பெட்டிகள் என்ற சிறு கிளைகள். ஒவ்வொன்றும் ஒரு கணு. ரீஃபர் கணுக்களையும் சுங்கக் கணுக்களையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்தால் 17 என்ற சரியான விடை வரும். காரணம், அந்தத் தொகுப்புகளில் பெட்டிகள் இல்லை. மரத்தில் நிற்கும் பெட்டியை நோக்கி நீட்டிய விரல்கள்தான் இருக்கின்றன. இரண்டு விரல் ஒரே பெட்டியை நோக்கினால் ஒன்றுதான் கணக்கு.

அதே பெட்டிகளை ஒரு மாறிக்குள் நகலெடுத்து வைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நகலும் புதிய கணு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதற்குத் தனிப் பிறப்பு. 21 வந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. மூலக் கணுவிடம் ‘உன் கப்பல் எது?’ என்று கேட்டால் மேல்கிளையைக் காட்டும். நகலிடம் கேட்டால் பதிலே இல்லை, அது அந்த மரத்திலிருந்து அறுந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த காகிதத்திடம் யார்டில் எந்த வரிசை என்று கேட்பதுபோல.

‘ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டால் போச்சு’ என்று தோன்றும். இங்கே கண்டெய்னரை விட்டுவிட்டு இந்தக் கடற்கரையின் பழைய சரக்குக்கு வர வேண்டும். 1961-ல்தான் இங்கே கடைசியாக முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்தது. முத்துக்கு எண் கிடையாது. சல்லடையில் சலித்து அளவு பிரித்தபின் ஒரே எடை, ஒரே நிறம், ஒரே உருட்சியில் இரண்டு முத்து கிடைக்கலாம். அவை ஒன்றுபோல இருக்கின்றன என்று ஒன்றைத் தூக்கிப்போட எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார். எக்ஸ்எஸ்எல்டி மொழியின் முதல் பதிப்பில் சமக்குறி கணுக்களின் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டுமே ஒப்பிட்டது. இரண்டு முத்தையும் சமம் என்றது. ‘அதுவேதானா?’ என்று கேட்க நேரடியாக ஒரு சொல்லே இல்லை.

அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அது. கையில் இருக்கும் கணு குவியலில் ஏற்கெனவே இருக்கிறதா? குவியலோடு அதைச் சேர்த்து எண்ணிப்பார். எண்ணிக்கை கூடவில்லையா, அது முன்பே உள்ளே இருந்தது. பிரிட்டிஷ் வல்லுநர் மைக்கேல் கே பெயரால் வழங்கும் உத்தி. 2007 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் ‘அதுவேதானா’ என்பதற்குத் தனிச் சொல்லே வந்துவிட்டது. நகலெடுக்காமல் மூலத்தையே கைமாற்றும் கட்டளையும் வந்தது. கூடவே ஒரு பொறியும்: தொகுப்புகளைக் காற்புள்ளியால் சேர்த்தால் மூலக் கணுக்கள்தான் வரும், ஆனால் இரட்டிப்பு நீங்காது. மறுபடி 21.

இத்தனையும் ஒரே மரத்துக்குள் இருக்கும்வரை. ஒரே கோப்பை இரண்டு முறை திறந்தாலும் அதே மரம்தான் கிடைக்கும், விதி அப்படி. கப்பல் கம்பெனி அனுப்பியது ஒரு கோப்பு, சுங்கத்திலிருந்து வந்தது இன்னொன்று என்றால் கதை வேறு. யார்டில் நிற்கும் ஒரே பெட்டிக்கு அங்கே இரண்டு கணு; செங்குத்துக் கோடு போட்டாலும் 21-தான். இரண்டு கோப்பையும் முதலில் ஒரே மரமாக்கிவிட்டால், ஸ்டீவ் மியூங்க் என்பவர் முதல் பதிப்பிலேயே சொன்ன வழி உதவும்: பெட்டி எண்ணைச் சாவியாக வைத்து ஒரே எண் உள்ளவற்றை ஒரு கட்டாக்கு, ஒவ்வொரு கட்டிலும் முதலாவதை மட்டும் எடு. ஆக, இரண்டு கோப்பு வந்துவிட்டால் லாரிக்குப் பின்னால் நின்று படித்த அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.