மின்னஞ்சல் முகவரியின் வடிவச் செம்மை: தரவுத்தளப் படிவமும் தமிழ் எழுத்தும்

0. முன்னுரை

தரவுத்தளப் படிவத்தில் தட்டச்சிடப்படும் மின்னஞ்சல் முகவரி ஏற்கத்தக்கதா என்பதைக் கணிப்பொறி நிரல் சோதித்தறிகிறது. இச்சோதனை கணிப்பொறியாளர்க்கு மட்டுமே உரியதன்று. குறியீட்டுத் தொடர் ஒன்று விதிகளுக்கு உட்பட்டு அமைந்துள்ளதா என வினவுவது இலக்கணத்தின் வினாவேயாகும். தமிழில் முகவரி வைத்திருப்போர் படிவத்திற்குள் நுழைவதும் புறத்தே நிறுத்தப்படுவதும் இவ்விதிகளைப் பொறுத்தனவே.

1. முகவரியின் அமைப்பு

@ குறிக்கு முன்னுள்ள பகுதி பயனர் பெயர், பின்னுள்ளது களப்பெயர். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 பயனர் பெயரின் நீளத்தை 64 பைட்டு என வரையறுத்தது. 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6531 இரு பகுதிகளிலும் யூனிகோடு எழுத்துகளுக்கு இடமளித்தது. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ் உயர்நிலைக் களப்பெயர்கள் 2010-2011ஆம் ஆண்டுகளில் களப்பெயர் அமைப்பின் வேர்ப்பகுதியில் சேர்க்கப்பட்டன.

எனினும், இலத்தீன் எழுத்து, எண், புள்ளி ஆகியவற்றை மட்டுமே ஏற்கும் பழைய வாய்பாடுகள் பல படிவங்களில் இன்றும் நிலைபெற்றுள்ளன. இவை தமிழ் முகவரியை மட்டுமன்றி, விதிப்படி செல்லத்தக்க கூட்டல் குறி பெற்ற இலத்தீன் முகவரியையும் மறுக்கக்கூடும்.

2. எழுத்து என்பது யாது?

வாய்பாட்டில் 'எழுத்து' என்னும் வகைக்கு யூனிகோடு எழுத்துகள் அனைத்தையும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீரும் எனத் தோன்றும், ஆனால் தீர்வதில்லை. ஹைதராபாத்தில் தார்நாகாவிற்கும் உப்பலுக்கும் இடைப்பட்ட 'ஹப்சிகுடா' என்னும் இடப்பெயரைப் பயனர் பெயராகக் கொண்டு இதனை விளக்கலாம்.

தமிழ் மரபுப்படி இதில் ஹ, ப், சி, கு, டா என ஐந்து எழுத்துகள் உள்ளன. யூனிகோடு நோக்கில் ஒன்பது குறியிடங்கள் உள்ளன. அவற்றுள் ஹ, ப, ச, க, ட ஆகிய ஐந்தே 'எழுத்து' வகையின. புள்ளியும் மூன்று உயிர்க்குறிகளும் 'சார்குறி' வகையின. எனவே எழுத்து வகையை மட்டும் ஏற்கும் வாய்பாடு 'ஹப' என்பதோடு நின்று, புள்ளியைக் கண்டதும் முகவரியை மறுத்துவிடும். சார்குறி வகையையும் வாய்பாட்டில் சேர்த்தல் வேண்டும்.

நீளக் கணக்கும் இவ்வாறே வேறுபடும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுவதால், இப்பெயர் 27 பைட்டு கொள்கிறது. 64 பைட்டு எல்லைக்குள் 21 தமிழ்க் குறியிடங்களே அடங்கும்.

3. ஒரு தோற்றம், இரு வடிவம்

'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியிடமாகவும், எகரக்குறி, கால் என இரு குறியிடங்களாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் தரவுத்தளத்திற்கு இவை இரண்டு. ஆகவே ஒருவரே இருமுறை பதிவாகலாம். பதிந்தவர் பின்னர்த் தேடும்போது கிடைக்காமலும் போகலாம். யூனிகோடு இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கும்.

ஆனால் 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவை' எனத் தட்டச்சிடும் வழக்கத்தை இயல்பாக்கம் தீர்ப்பதில்லை. அவை வெவ்வேறு எழுத்துகள். ஹப்சிகுடா, ஹப்ஸிகுடா எனும் ஒலிபெயர்ப்பு வேறுபாடும் அத்தகையதே. வாசகர் ஒரே ஊரெனக் கொள்வதை அஞ்சல் வழங்கி இரு பெயர்களாகக் கொள்ளும். நிரல் இவற்றைத் தானே திருத்த முற்படுமாயின், கடிதம் பிறர் பெட்டிக்குச் சென்றுவிடக்கூடும்.

4. வடிவமும் பொருளும்

இலக்கணப் பிழையற்ற தொடர் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதுபோல், வடிவம் செம்மையாக உள்ள முகவரிக்கு அஞ்சல் பெட்டி இல்லாமலும் போகலாம். அம்முகவரிக்கு உறுதிப்படுத்தும் மடல் ஒன்றை அனுப்பி, மறுமொழி பெறுவதே அதனை அறியும் வழி. ஆதலின் படிவச் சோதனை, @ குறி விடுபடல், களப்பெயர் இன்மை போன்ற வெளிப்படையான பிழைகளோடு நின்று, எஞ்சியதை மடலுக்கு விடுதல் தகும்.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கு எழுகிறது. படிவத்தின் மறுப்புச் செய்தி பெரும்பாலும் 'தவறான முகவரி' எனத் தமிழாக்கப்படுகிறது. தமிழ் முகவரியைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையன்று. குறை வாய்பாட்டிலே உள்ளது. 'இப்படிவம் தமிழ் எழுத்து முகவரியை ஏற்பதில்லை' என்பதே பொருந்தும் தொடர். முன்னது பயனர் மீது பிழை சுமத்துகிறது; பின்னது படிவத்தின் எல்லையை உரைக்கிறது.

5. முடிவுரை

சார்குறிகளை ஏற்றல், பதியுமுன் இயல்பாக்கல், நீளத்தைப் பைட்டு அளவில் கணித்தல், மடல்வழி உறுதிசெய்தல் ஆகிய நான்கும் தமிழ் முகவரிச் சோதனைக்கு இன்றியமையாதன. இவற்றுள் முதலிரண்டும் எழுத்து பற்றிய தெளிவை வேண்டி நிற்பன. அத்தெளிவை நிரலாளர்க்கு வழங்குதல் மொழியியலாரின் கடமையாகும்.