இணையச் சொற்களும் சங்கத்தின் செலவும்

தென்காசி வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசீலிக்க அண்மையில் சென்றிருந்தோம். செலவுப் புத்தகத்தில் இணையக் கட்டணம் நம் கவனத்தை ஈர்த்தது. மாதம் 600 ரூபாயாக இருந்த அத்தொகை, ஓராண்டாக 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. காரணம் வினவினோம். “நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் செய்தோம், ஐயா. வேகம் கூடிய திட்டத்திற்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். இன்னும் அதே கதைதான்” என்றார் காரியதரிசி.

கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தோம். இணைப்புக் கருவி முன்னறையில் இரும்புப் பீரோவின் பின்னால் இருந்தது. கணினியோ இரண்டு சுவர்களுக்கு அப்பால், சரக்கு அறையில். கருவியை நடு அறையில் உயர்ந்த பலகைமீது வைத்ததும் குறை பெரும்பாலும் நீங்கிற்று. ஓராண்டில் அதிகமாகச் சென்ற 4,800 ரூபாய் அங்கத்தினர்களின் பணம். எவரும் மோசம் செய்யவில்லை. சில சொற்களின் பொருள் விளங்காததே நஷ்டத்திற்குக் காரணம். அச்சொற்களை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இணையமும் அகலக்கற்றையும்

உலகெங்குமுள்ள கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும்படி அமைந்த பெருவலையே இணையம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு அது 1995 ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வாயிலாகக் கிடைத்தது. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியே ஒவ்வொரு முறையும் எண்ணை அழைத்து இணைய வேண்டும். வேகமும் மிகக் குறைவு. அந்நிலை மாறி, எந்நேரமும் திறந்திருக்கும் விரைவான இணைப்பையே அகலக்கற்றை, அதாவது பிராட்பேண்ட், என்கிறோம். மத்திய அரசு 2023 இல் வகுத்த இலக்கணப்படி, நொடிக்கு 2 மெகாபிட்டாவது பதிவிறக்க வேகம் உள்ள இணைப்பே அப்பெயருக்கு உரியது.

இக்காலத்து அகலக்கற்றை பெரும்பாலும் கண்ணாடி இழையில் வருகிறது. மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடிக்குள் ஒளித்துடிப்புகளாகச் செய்தி ஓடுகிறது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருவதை அங்கத்தினர் அறிவர். வயல்களுக்கு நடுவே அமர்ந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் ஆக்குவது இத்தகைய இணைப்புகளாலேயே சாத்தியமாயிற்று. பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது அரசின் நோக்கம்.

மெகாபிட்டும் மெகாபைட்டும்

மயக்கம் மிகுதியும் இங்கேதான். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் கூறுவர்; படம், கணக்கு முதலியவற்றின் அளவை மெகாபைட்டில் கூறுவர். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே நொடிக்கு 40 மெகாபிட் என்றால், நொடிக்கு 5 மெகாபைட்தான் வரும். 40 என்ற எண்ணைக் கண்டு 40 மெகாபைட் வரும் என எண்ணுவது, முழத்தைக் கஜமென்று எண்ணித் துணி வாங்குவது போன்றதாகும்.

விலைத்தாளில் அவ்வெண்ணோடு ‘வரை’ என்ற சொல்லும் இருக்கும். அது உச்ச அளவு. எப்பொழுதும் கிடைக்கும் அளவன்று. சீசன் காலத்தில் குற்றாலம் பேரருவியில் கூட்டம் பெருகினால் ஒவ்வொருவர் தலையிலும் விழும் நீர் குறைவதுபோல, ஒரே தடத்தில் பலர் பங்குகொள்ளும் மாலை வேளையில் வேகம் குறையலாம்.

இறக்கமும் ஏற்றமும்

வெளியிலிருந்து நம் கணினிக்கு வருவது பதிவிறக்கம். நம்மிடமிருந்து வெளியே செல்வது பதிவேற்றம். சில திட்டங்களில் ஏற்ற வேகம் இறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. சேலை மாதிரிகளின் படங்களை வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் சங்கத்திற்கு ஏற்றமே முக்கியம். ஒரு படம் 5 மெகாபைட் எனக் கொள்வோம். ஏற்ற வேகம் நொடிக்கு 4 மெகாபிட் ஆனால் ஒரு படம் செல்ல 10 நொடி. 20 படங்களுக்கு மூன்று நிமிஷத்திற்கு மேல் ஆகும்.

வரம்பும் தாமதமும்

மாதத்திற்கு இத்தனை கிகாபைட் என்று திட்டத்தில் வரம்பு குறித்திருக்கும். ஒரு கிகாபைட் சுமார் ஆயிரம் மெகாபைட். வரம்பு தீர்ந்தபின் இணைப்பு அறுவதில்லை, வேகத்தைக் குறைத்துவிடுவர். மாதக் கடைசியில் மட்டும் ‘நெட்’ மந்தமானால் முதலில் இதனை நோக்குக.

தாமதம் என்பது வேறு. சிற்றாற்று வாய்க்காலில் மடையைத் திறந்த பின் கடைமடைக்கு நீர் எட்டச் சிறிது நேரம் ஆகிறதல்லவா? வாய்க்காலின் அகலம் இணைப்பின் வேகம். நீர் வந்து சேரும் நேரம் தாமதம். அது மிகுந்தால் காணொலிக் கூட்டத்தில் பேச்சு பிந்தி வரும்.

வைஃபை

வைஃபையே இணையம் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. இணையம் நம் வாசலில் உள்ள கருவிவரை இழையில் வருகிறது. ரூட்டர் எனப்படும் அக்கருவி கட்டடத்திற்குள் ரேடியோ அலைகளாக அதனைப் பரப்புவதே வைஃபை. தடித்த சுவரும் இரும்பும் அவ்வலையைத் தடுக்கும். கணினியைக் கம்பியால் ரூட்டரோடு நேரே இணைத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். கம்பியில் வேகம் சரியாக இருந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் கோளாறு நம் கட்டடத்திற்குள் இருக்கிறது. இரண்டிலும் குறைந்தால் நிறுவனத்திற்குப் புகார் எழுதுக.

நிர்வாகக் குழு செய்யத்தக்கவை

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: இறக்க வேகம் என்ன? ஏற்ற வேகம் என்ன? மாத வரம்பு எவ்வளவு? வரம்பு தீர்ந்தபின் வேகம் என்ன? வரி உட்பட மொத்தக் கட்டணம் யாது? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தல் நலம்.

இன்னொன்றும் கூற வேண்டும். பணப் பரிமாற்றத்திற்காகக் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், எவரிடமும் சொல்லலாகாது. ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். வைஃபையின் கடவுச்சொல்லையும் சுவரில் எழுதி வைக்க வேண்டாம்.

நாடெங்குமுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022 இல் அங்கீகரித்தது. விவசாயியின் கடன் கணக்கும் இனி இணைய வழியே செல்லும். நூலின் நம்பரையும் எலுமிச்சை மூட்டையின் எடையையும் சரிபார்த்து வாங்கத் தெரிந்த நம் அங்கத்தினர்க்கு, மெகாபிட்டைச் சரிபார்ப்பதும் அரிய காரியமன்று. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் தங்கள் சங்கத்தின் இணையக் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.