சூரியனுக்கு வாடகையா?

கதிரவன் ஏழை வீடு, பணக்காரர் வீடு என்று பார்ப்பதில்லை. மாளிகையின் மாடியிலும் குடிசையின் கூரையிலும் ஒரே வெயில்தான் காய்கிறது. அந்த வெயிலை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் மின்கலத்தை 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்து காட்டினர். விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மட்டுமே அது மின்சாரமாக்கியது. இன்று வீடுகளில் பொருத்தும் நல்ல சோலார் பேனல்கள் 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. வத்திக்கானில் திருத்தந்தை மக்களைச் சந்திக்கும் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரைமீது 2008-ஆம் ஆண்டு சுமார் 2,400 பேனல்கள் பொருத்தப்பட்டன. ஒரு ஜெர்மானிய நிறுவனம் அவற்றை நன்கொடையாக அளித்தது.

எல்லோருக்கும் நன்கொடை கிடைக்குமா? வெயில் இலவசம், பேனல் இலவசமல்ல. ஆகவே பேனலை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அது பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கு நடந்ததைப் பார்த்தால் இம்முறையின் நன்மையும் தீமையும் விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஊரில் வீட்டை "லீசுக்கு" எடுப்பவர் ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறுவார். மாத வாடகை கிடையாது. சோலார் லீசு அப்படிப்பட்டதல்ல. நிறுவனம் தன் செலவில் நம் கூரையில் பேனல்களைப் பொருத்தும். நாம் மாதந்தோறும் வாடகை கட்டுவோம். கூரை நம்முடையது, வெயில் இறைவனுடையது, பேனல் மட்டும் நிறுவனத்துடையது. ஒப்பந்தம் 20 அல்லது 25 ஆண்டுகளுக்கு.

கலிபோர்னியாவில் 2006-இல் சோலார்சிட்டி என்ற நிறுவனமும் 2007-இல் சன்ரன் என்ற நிறுவனமும் தோன்றின. அந்நாளில் ஒரு வீட்டுக்குப் பேனல் பொருத்தப் பல பத்தாயிரம் டாலர் தேவைப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தால் அது முடியுமா? லீசு முறையிலோ முன்பணம் வேண்டியதில்லை. பழுது பார்ப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். அச்செலவும் நிறுவனத்தையே சாரும். இன்னொரு நன்மையும் உண்டு. பேனலின் விலையில் 30 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள அந்நாட்டு அரசு அனுமதித்தது. ஆனால் வரியே கட்டாத ஓய்வுபெற்ற முதியவருக்கு அதனால் என்ன பயன்? நிறுவனம் அச்சலுகையைத் தான் பெற்று, வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க முடிந்தது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள். இவற்றை ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி மறுபக்கம். இங்கேதான் நமது கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது. (கூட்டு வட்டி எதற்கு என்று கேட்கும் தோழியர் இதை இரண்டு முறை படிக்கலாம்!) அமெரிக்க லீசு ஒப்பந்தங்கள் பலவற்றில் வாடகை ஆண்டுக்கு 2.9 சதவீதம் ஏறும் என்று ஒரு வரி இருக்கும். மூன்று சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். முதல் ஆண்டு மாதம் 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 25-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 199 டாலராகிவிடும். ஏற்றமே இல்லாவிட்டால் 25 ஆண்டுக்கு மொத்தம் 30,000 டாலர். ஏற்றத்துடன் 43,000 டாலருக்கு மேல். பேனலோ ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் திறன் குறைந்துகொண்டே போகும். முதல் ஆண்டில் 100 யூனிட் தந்தது 25-ஆம் ஆண்டில் 89 யூனிட் அளவே தரும். வாடகை ஏற, விளைச்சல் இறங்குகிறது! மின்வாரியக் கட்டணம் இதைவிட வேகமாக ஏறினால் லீசு எடுத்தவருக்கு லாபமே. ஏறாவிட்டால் நஷ்டம். 25 ஆண்டுக்குப் பிறகு மின்கட்டணம் என்ன என்பதை யார் சொல்ல முடியும்? ஆனால் வாடகை எவ்வளவு என்பது மட்டும் கையெழுத்திடும் அன்றே முடிவாகிவிடுகிறது.

வீட்டை விற்க நேர்ந்தால் தொல்லை அதிகம். வாங்க வருபவர் மீதி ஆண்டுகளின் வாடகையையும் ஏற்கச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் விற்பவர் ஒரு தொகை கட்டி ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். கூரை ஒழுகினால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையிலேயே விழும். எழுபது வயதுத் தாத்தா கையெழுத்திட்டால் அந்தப் பாரம் பிள்ளைகளிடம் வந்து சேரும். நமக்கு இப்போது வயது 15. நம் வீட்டில் இன்று இப்படி ஒரு ஒப்பந்தம் எழுதினால், அது முடியும்போது நமக்கு 40. கையெழுத்திடுவது பெரியவர்களே ஆனாலும், படித்துப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு அல்லவா?

நிறுவனமே நொடித்துப் போனால்? இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் பல வீடுகளில் பேனல் வைத்திருந்த சன்னோவா என்ற நிறுவனம் 2025 ஜூனில் திவால் மனு கொடுத்தது. இத்தகைய வேளையில் ஒப்பந்தம் பொதுவாக மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் கைக்கு மாறும். வாடகை கேட்க ஆள் வருவார், பழுது பார்க்க வருவாரா என்பதுதான் கேள்வி. வத்திக்கானுக்குப் பேனல் கொடுத்த ஜெர்மானிய நிறுவனமும் 2017-இல் நொடித்தது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். அதற்காக வத்திக்கான் யாருக்கும் மாத வாடகை அனுப்ப வேண்டியதில்லை. சொந்தப் பொருளுக்கும் வாடகைப் பொருளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

வீட்டுக்காரர் தாமே வாங்கினால் கிடைத்த 30 சதவீத வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் அங்கு முடிந்தது. வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கோ சலுகை மேலும் சில காலம் நீடிக்கும்படி சட்டம் செய்தார்கள். ஆகவே சொந்தமாக வாங்க வசதி உள்ளவர்களும் லீசுப் பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

நம் நாட்டில் காற்று வேறு திசையில் வீசுகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய "பி.எம். சூர்ய கர்" திட்டம் சொந்தமாக வாங்குவோருக்கே கை கொடுத்தது. 2 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். அடமானமில்லாக் கடனுக்கும் வழி செய்தார்கள். இத்தனை உதவி இருக்கும்போது வாங்குவதே மேல் என்பது நம் கருத்து. நிறுவனம் தன் செலவில் பேனல் அமைத்து, யூனிட் கணக்கில் மின்சாரம் விற்கும் முறைக்கும் அத்திட்டத்தில் இடம் தரப்பட்டது. கையில் பணமும் இல்லை, கடனும் வேண்டாம் என்பவர் அதை யோசிக்கலாம்.

ஆனால் வாங்குவதோ வாடகையோ, முதலில் வீட்டின் மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 240 யூனிட். தமிழக அரசு 2016-இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டைக் கட்டணமின்றித் தரத் தொடங்கியது. ஒரு மின்விசிறியும் இரண்டு பல்புமாக இலவச அளவுக்குள் அடங்கிவிடும் வீட்டுக்குச் சோலார் லீசு எதற்கு? இல்லாத கட்டணத்தை மிச்சப்படுத்த வாடகை கட்டுவதாகத்தானே முடியும்! குளிர்சாதனமும் மோட்டாருமாக இரு மாதத்துக்கு 600, 700 யூனிட் ஓடும் வீட்டின் கணக்கு வேறு.

கடைசியாக ஒன்று. மாடியில் பேனல் இருந்தால் கரண்டு போனாலும் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பில் அப்படி எரியாது. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நட்ட நடு வெயிலிலும் அப்படித்தான். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனை நம் வீட்டு மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். பேட்டரி வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை, லீசு என்றால் தனி வாடகை.